அழிந்த அலையாத்திக் காட்டை மீட்பது எப்படி: மீன்முள் வாய்க்கால் முறைக்கு ஒரு முழு வழிகாட்டி

அலையாத்தி (மாங்குரோவ்) வளர்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் நாற்றோடுதான் வருகிறார்கள். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. இந்த வேலையில் நாற்று கடைசியாக வர வேண்டியது. தண்ணீர் போய்வர வழியில்லாத இடத்தில் எத்தனை ஆயிரம் நட்டாலும் அடுத்த கோடையில் காய்ந்த குச்சிகளைத்தான் எண்ண வேண்டியிருக்கும். தண்ணீர் சரியாகப் போய்வரும் இடத்திலோ, சில சமயம் ஒன்றுமே நடாமல் காடு தானாக வந்துவிடும்.

பிச்சாவரம் முதல் முத்துப்பேட்டை வரையிலான காவிரிப் படுகைக் கரையை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இங்கே ஓதத்தின், அதாவது தினமும் ஏறி வற்றும் கடல்நீரின், ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. சுந்தரவனம் மாதிரி ஓதம் பல மீட்டர் ஏறி இறங்கும் இடத்துக்கு இதே அளவுகளைக் கொண்டுபோகாதீர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளின் மணலும் பவளமும் கலந்த தரைக்கும் இது பொருந்தாது.

முன்கூட்டியே வேண்டியவை

ஒரு முழு ஆண்டு வேண்டும். கோடையில் அளவெடுத்து வாய்க்கால் வெட்டி, மழைக்காலத்தில் உப்பு கழுவப்பட்டு, அதன் பிறகுதான் நடவு. "அடுத்த மாதம் சுற்றுச்சூழல் தினம், அதற்குள் நட வேண்டும்" என்று யாராவது வந்தால் அவர்களை வேறு வேலைக்கு அனுப்பிவிடுங்கள். ஜூன் 5 இந்தக் கரையில் அலையாத்தி நடவே கூடாத காலம்.

கருவிகள் அதிகம் இல்லை. மட்டம் பார்க்க மேஸ்திரிகள் வைத்திருக்கும் டியூப் லெவல், உப்பு பார்க்க ஒரு ரிஃப்ராக்டோமீட்டர், மூங்கில் குச்சிகள், கயிறு, அளவு நாடா, ஒரு நோட்டு. காலுக்குக் கட்டாயம் கெட்டியான காலணி. சேற்றுக்குள் சிப்பி ஓடுகளும் மூச்சுவேர் முனைகளும் கிழித்துவிடும். தில்லை மரம் இருக்கும் பக்கம் கிளை ஒடிக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்தக் கழியில் நண்டும் இறாலும் பிடிக்கிறவர்களில் இரண்டு பேர் உங்களோடு இருக்க வேண்டும். பிச்சாவரம் பக்கம் என்றால் இருளர்கள். எந்த வாய்க்கால் எந்த மாதம் தூர்ந்துபோகும், வெள்ளம் எந்த வழியாக ஏறும் என்பது எந்த வரைபடத்திலும் கிடைக்காது.

1. காடு ஏன் போனது என்று கண்டுபிடியுங்கள்

மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வருகிறது. அதனால் இதை அவசரப்படுத்தாதீர்கள்.

இந்தக் கரையில் அடிக்கடி காணும் காரணம் இதுதான். ஒரு காலத்தில் மரங்களைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து, சுருங்கி, தரை தாழ்ந்தது. சுற்றிலும் மேடு, நடுவில் பள்ளம். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் உள்ளே ஏறும் தண்ணீர் திரும்ப வடிய முடியாமல் தேங்குகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். அடுத்த ஓதம் இன்னும் கொஞ்சம் உப்பைக் கொண்டுவரும். இப்படியே வருடக்கணக்கில் நடந்தால் விதை விழுந்தாலும் முளைக்காத வெள்ளைத் தரை மிஞ்சும். விளிம்புகளில் மட்டும் உமரி என்ற உவர்நிலச் செடி நிற்கும்.

இந்தப் பள்ளத்துக்குத்தான் மீன்முள் வாய்க்கால் மருந்து: மீன் முள்ளைப் போல நடுவே ஒரு தாய் வாய்க்கால், இரு பக்கமும் கிளைகள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் சேர்ந்து பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் 1990களில் பெரிய அளவில் செய்துபார்த்த முறை இது.

வேறு காரணமென்றால் மருந்தும் வேறு. கைவிடப்பட்ட இறால் பண்ணையா? வாய்க்கால் தேவைப்படாமலே போகலாம், பழைய ஓடை இருந்த இடம் பார்த்து கரையை உடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். முகத்துவாரம் மணல்மூடிக் கிடக்கிறதா? அதைத் திறக்காமல் உள்ளே எதைச் செய்தாலும் வீண். 2018 கஜா புயலில் முத்துப்பேட்டையில் நடந்தது போல மரம் முறிந்த இடமா? ஓதம் நன்றாகப் போய்வந்தால் பொறுத்திருந்து பாருங்கள், கீழே கன்றுகள் வரக்கூடும்.

இந்த ஆராய்ச்சிக்குச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. கூகுள் எர்த்தில் அந்த இடத்தின் பழைய படங்களை ஆண்டு வாரியாகப் புரட்டுங்கள். முன்பு ஓடை எங்கே ஓடியது, எந்த ஆண்டிலிருந்து தரை வெளுத்தது என்று தெரியும். பிறகு அதே படத்தை ஊர்ப் பெரியவர்களிடம் காட்டிக் கேளுங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு: காடே இல்லாதிருந்த இடத்தைக் "காலி இடம்" என்று எடுத்துக்கொள்வது. வலசைப் பறவைகள் இரை தேடும் சேற்றுத்திட்டு, கடற்புல் வளரும் ஆழமற்ற நீர், உமரி நிற்கும் இயற்கையான உவர்நிலம், இவையெல்லாம் காலி இடங்கள் அல்ல. கோடியக்கரையை ஒட்டிய பகுதிகளில் இதை மிகவும் கவனிக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் அலையாத்தி நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் பின்னர் போய்ப் பார்த்தபோது 9 இடங்களில் ஒரு செடிகூட இல்லை. 1,000 ஹெக்டேருக்கு மேல் முயன்றதில் தேறியது 200 சொச்சம்தான். பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்ட பிறகு திரும்பிப் பார்க்காததும்தான் பெரிய காரணங்கள்.

2. அனுமதி

பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் காப்புக்காடுகள். வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உள்ளே மண்வெட்டி வைக்கக்கூடாது, விதை பொறுக்கவும் கூடாது. வெளியே இருக்கும் புறம்போக்கு நிலம் என்றால் வருவாய்த்துறை. எங்கேயானாலும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. அலையாத்தி இருக்கும் நிலம் அதில் மிகக் கடுமையான முதல் பிரிவில் வருகிறது.

அனுமதி மனுவோடு முதல் படியில் எடுத்த பழைய படங்களையும் காரணத்தையும் இணையுங்கள். "மரம் நட அனுமதி" என்று கேட்காமல் "அடைபட்ட நீரோட்டத்தைத் திறக்க அனுமதி" என்று கேளுங்கள். வாய்க்கால் வெட்டுவதைச் சொல்லாமல் நடவுக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு, பிறகு பொக்லைனோடு போய் நிற்பவர்கள் வேலை நடுவில் நின்றுவிடும்.

3. தண்ணீர் எவ்வளவு உயரம் வருகிறது என்று அளந்து பாருங்கள்

அலையாத்திச் செடிக்கு வாழ்விடம் ஒரு குறுகிய பட்டைதான். சராசரிக் கடல்மட்டத்துக்கு மேலே, உயர் ஓத மட்டத்துக்குக் கீழே. அதற்குக் கீழே போனால் வேர் மூச்சுவிட முடியாது. மேலே போனால் உப்பு ஏறிக் காயும். நம் கரையில் ஓதமே குறைவு என்பதால் இந்தப் பட்டையின் உயரமும் மிகக் குறைவு. ஒரு சாண் மேடு பள்ளம் இங்கே பெரிய வித்தியாசம்.

அளக்கும் முறை எளிது. மூங்கில் குச்சிகளில் சாக்பீஸைக் கெட்டியாகத் தேய்த்து, ஓடை ஓரத்திலிருந்து பள்ளத்தின் நடுவரை வரிசையாக நடுங்கள். ஓதம் ஏறி இறங்கிய பிறகு சாக்பீஸ் அழிந்த உயரத்தைக் குறியுங்கள். அமாவாசை அல்லது பௌர்ணமிக்கு ஒரு முறை, அஷ்டமி வாக்கில் ஒரு முறை என்று பாருங்கள். முன்னது அதிக ஓதம், பின்னது குறைந்த ஓதம். அப்புறம் டியூப் லெவல் வைத்து, அதே வரிசையில் தரை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால் தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த மேடு அதைத் தடுக்கிறது என்று பளிச்சென்று தெரியும்.

ஒரே பருவத்தில் அளந்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையில் கடல்மட்டமே உயர்ந்திருக்கும், ஆற்று வெள்ளமும் சேரும். அப்போது மட்டும் பார்த்தவர்கள் "எல்லா இடத்திலும் தண்ணீர் ஏறுகிறதே" என்று வாய்க்காலை ஆழமில்லாமல் வெட்டிவிடுவார்கள். பங்குனியில் அதே வாய்க்கால் வறண்டு கிடக்கும்.

4. உப்பைப் பாருங்கள்

மேலே தேங்கி நிற்கும் தண்ணீரை அளந்தால் போதாது. வேர் குடிப்பது மண்ணுக்குள் இருக்கும் நீரை. ஒரு முழம் ஆழத்துக்குச் சிறு குழி தோண்டி, ஊறிவரும் நீரில் ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரில் வையுங்கள். கடல்நீரில் ஆயிரத்துக்குச் சுமார் 35 பங்கு உப்பு. பள்ளங்களில் கோடையில் இது கடல்நீரைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூடப் போகும்.

இந்த எண் இரண்டு வேலைக்கு உதவும். எந்த இனம் நடலாம் என்று சொல்லும். வாய்க்கால் வெட்டிய பிறகு உண்மையிலேயே உப்பு குறைந்ததா என்று ஒப்பிட அடிப்படையாகவும் இருக்கும். வெட்டுவதற்கு முன்பு எடுக்காவிட்டால் அந்த ஒப்பீடு எப்போதுமே கிடைக்காது.

5. வாய்க்காலை வரையுங்கள்

அமைப்பு பெயரிலேயே இருக்கிறது. ஓடையிலிருந்து பள்ளத்தின் நடுவழியாக ஒரு தாய் வாய்க்கால். அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள்.

தாய் வாய்க்கால் மேலே சுமார் மூன்று மீட்டர் அகலம், அடியில் ஒரு மீட்டர், ஆழம் ஒரு மீட்டர் அளவில் இருக்கும். கிளைகள் அதைவிடக் குறுகலாக, ஆழம் குறைவாக. இவை தொடக்கப் புள்ளிகள்தான். உங்கள் சாக்பீஸ் குச்சிகள் சொல்வதுதான் இறுதி.

கிளைகள் தாய் வாய்க்காலோடு சுமார் 45 பாகைக் கோணத்தில், வடியும் தண்ணீரின் திசையில் சாய்ந்து சேர வேண்டும். செங்குத்தாக வந்து முட்டினால் நீரின் வேகம் சேருமிடத்தில் உடைந்து, வண்டல் அங்கேயே படிந்து அடைத்துக்கொள்ளும்.

பக்கங்கள் சரிவாக இருக்க வேண்டும், சுவர் போல நிமிர்ந்து நிற்கக்கூடாது. சுவராக வெட்டினால் முதல் மழையிலேயே சரிந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. நாற்று நடப்போவது இந்தச் சரிவில்தான். பள்ளத்தின் தட்டையான தரையில் நட்டால் நீர் தேங்கிச் சாகும். சரிவின் நடுவில் நட்டால் ஏறும்போது நனையும், இறங்கும்போது காற்று வாங்கும்.

கவனிக்க வேண்டியது வாட்டம், அதாவது தண்ணீர் வடிந்தோடும் சாய்வு. கிளையின் அடி தாய் வாய்க்காலின் அடியைவிடச் சற்று உயரமாகவும், தாய் வாய்க்காலின் அடி ஓடையின் அடியைவிட உயரமாகவும் இருக்க வேண்டும். தண்ணீர் உள்ளே வருவது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அது முழுதாக வெளியே போகிறதா என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. வடியாத வாய்க்கால் பழைய பள்ளத்தைவிட மோசம்.

சேரும் ஓடை முக்கால்வாசி தூர்ந்ததா என்றும் பாருங்கள். அப்படியானால் வேறு ஓடை தேடுங்கள், அல்லது முதலில் அதைத் தூர்வாருங்கள்.

6. வெட்டுதல்

பங்குனி தொடங்கி ஆடிக்குள் முடித்துவிடுங்கள். தரை கெட்டியாக இருக்கும், பொக்லைன் புதையாது. ஏற்கெனவே கன்றுகளோ மரங்களோ நிற்கும் ஓரங்களில் இயந்திரத்தை விடாமல் ஆள் வைத்து வெட்டுங்கள். வண்டிச் சக்கரம் அழுத்திய சேறு பிறகு இளகுவது கடினம்.

உள்ளேயிருந்து ஓடையை நோக்கி வெட்டி வாருங்கள். ஓடையோரம் ஒரு மண் தடுப்பை விட்டுவைத்து, எல்லாம் முடிந்த பிறகு, வற்று ஓதத்தில் அதை உடைத்துவிடுங்கள். முதலிலேயே வாயைத் திறந்தால் தினமும் இரண்டு முறை தண்ணீர் ஏறி வேலையைக் கெடுக்கும்.

சரி, வெட்டிய மண்ணை என்ன செய்வது? பெரும்பாலான இடங்களில் சறுக்குவது இங்கேதான். ஓட்டுநருக்கு எளிது என்பதால் இரு கரையிலும் நீளமாகக் குவித்துவிட்டுப் போய்விடுவார். அது அணை மாதிரி நின்று, வாய்க்காலுக்கும் பக்கத்துத் தரைக்கும் நடுவே தண்ணீரை மறிக்கும். போதாக்குறைக்கு அந்த மேட்டில் சீமைக் கருவேலம் வந்து உட்கார்ந்துகொள்ளும். மண்ணைப் பரப்பித் தட்டையாக்குங்கள், அல்லது கரையில் அடிக்கடி இடைவெளி விட்டுக் குவியுங்கள். கூலி பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

7. மழை கழுவட்டும்

தடுப்பை உடைத்த அன்றே நாற்றோடு வந்து நிற்காதீர்கள். தினசரி ஓதமும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துதான் மண்ணின் உப்பை இறக்கும். நான்காம் படியில் தோண்டிய அதே இடங்களில் மாதம் ஒரு முறை மறுபடி அளந்து எழுதுங்கள். ஐப்பசிவாக்கில் கடல்நீரின் அளவுக்கோ அதற்குக் கீழோ வந்தால் நடலாம். வரவில்லையா? வடிகால் சரியில்லை. எங்கே தேங்குகிறது என்று தேடிச் சரிசெய்து, நடவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். பணம் கொடுத்தவர்களுக்கு இது பிடிக்காது. ஆனாலும் தள்ளுங்கள்.

8. எந்த இனம், எந்த இடம்

பக்கத்தில் உயிரோடு இருக்கும் காட்டைப் பாருங்கள், பதில் அங்கே இருக்கிறது. முத்துப்பேட்டையில் பெரும்பான்மை வெண்கண்டல்தான். நர்சரிக்காரர்கள் அவிசென்னியா என்பார்கள். ஆற்று நீர் வருவது சில மாதங்கள்தான் என்பதால், அதிக உப்பைத் தாங்கும் இந்த மரம்தான் அங்கே நிற்க முடிகிறது. பிச்சாவரத்தில் கொள்ளிடத்தின் நன்னீர் கலப்பதால் ஓடைக்கரைகளில் சுரபுன்னையும் (ரைசோபோரா) இருக்கிறது. கொஞ்சம் உள்ளே வெண்கண்டல், இன்னும் மேட்டில் தில்லை.

புதியவர்கள் எல்லோருக்கும் சுரபுன்னை மேல் ஒரு காதல். காய் பெரிது, பொறுக்குவது எளிது, குத்தி வைத்தால் உடனே செடி மாதிரி தெரியும், புகைப்படத்துக்கு அழகு. ஆனால் உப்பேறிய பள்ளத்துக்கு அது ஏற்றதல்ல. வாய்க்கால் சரிவுகளில் வெண்கண்டலைப் போடுங்கள். ஓடையை ஒட்டி, தினமும் நனையும் கரையில் மட்டும் சுரபுன்னை.

சவுக்கு வேண்டவே வேண்டாம். அது மணல்மேட்டு மரம்.

9. விதை எடுப்பது

இரண்டுமே தாய் மரத்திலேயே முளைக்கத் தொடங்கிவிடும் வகை. பருவமழையை ஒட்டிய மாதங்களில் தேடுங்கள். இடத்துக்கு இடம் சில வாரங்கள் முன்பின் ஆகும்.

சுரபுன்னையின் நீண்ட காய் முற்றியதா என்று பார்க்க, தொப்பி போன்ற மேல்பகுதிக்கும் நீண்ட தண்டுக்கும் இடையில் வெளிர்நிற வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். லேசாகத் திருகினாலே கழன்றுவர வேண்டும். இழுத்துப் பறிக்க வேண்டியிருந்தால் அது பிஞ்சு.

வெண்கண்டல் காய் பச்சையிலிருந்து மஞ்சள் சாயலுக்கு மாறியிருக்கும். ஓரிரவு தண்ணீரில் ஊறவிட்டால் மேல்தோல் தானாகப் பிரியும். பிரியாதவற்றை ஒதுக்கிவிடுங்கள். பூச்சி துளைத்ததையும் கழியுங்கள், அலையாத்தி விதைகளில் துளை சகஜம். வெண்கண்டல் விதை சில நாட்களுக்கு மேல் தாங்காது, எடுத்ததும் ஈரத்தோடு நிழலில் வைத்து விரைவாக நட்டுவிடுங்கள்.

கொஞ்சத்தை, நடவிடத்துச் சேற்றையே நிரப்பிய பைகளில், ஓதம் வந்து நனைக்கும் இடத்தில் நாற்றாக வளர்த்து வையுங்கள். அடுத்த ஆண்டு இடைவெளி நிரப்ப உதவும். நல்ல தண்ணீர் ஊற்றிக் கொழுக்க வளர்த்த நாற்று, உவர்மண்ணில் வைத்ததும் அதிர்ச்சியில் வாடும்.

10. நடவு

அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்து அஷ்டமியை நோக்கிப் போகும் நாட்களில் நடுங்கள். ஓதம் நாளுக்கு நாள் தணியும். விதை அடித்துப் போகாமல் வேர்பிடிக்கச் சில நாள் அவகாசம் கிடைக்கும்.

வெண்கண்டல் விதையைச் சேற்றின் மேல் வைத்து லேசாக அழுத்தினால் போதும், புதைக்க வேண்டாம். சுரபுன்னைக் காயை மூன்றில் ஒரு பங்கு உள்ளே போகும்படி செருகுங்கள். தொப்பியோடு ஒட்டியிருந்த முனை மேலே இருக்க வேண்டும், குருத்து அங்கேதான் வரும். கூட்டமாகத் தன்னார்வலர்கள் வந்த நாளில் தலைகீழாகச் செருகிய காய்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். வேலை தொடங்கும் முன் ஒவ்வொருவர் கையிலும் ஒரு காயைக் கொடுத்து எது மேல் என்று காட்டச் சொல்லுங்கள்.

இடைவெளி ஒன்று முதல் இரண்டு மீட்டர். நெருக்கி நட்டால் எண்ணிக்கை கூடும், அவ்வளவுதான்.

நண்டுத் தொல்லை அதிகமான இடத்தில் சுரபுன்னைக் காய்களை ஒரு வாரம் நிழலில் வாடவிட்டு நடுங்கள். பசுங்காயைப் போல நண்டுகள் அதை விரும்புவதில்லை. வெண்கண்டலுக்கு இந்த உத்தி ஆகாது, அதைக் கொஞ்சம் கூடுதலாகப் போடுவதுதான் வழி.

11. முதல் மூன்று ஆண்டுகள்

வாய்க்கால்தான் உங்கள் செடி என்று நினைத்துக்கொள்ளுங்கள். வண்டல் படியும், பாசி அடைக்கும், வாய் தூரும். ஒவ்வொரு கோடையிலும் தூர்வார வேண்டும். நடவுக்கே எல்லாப் பணத்தையும் செலவழித்துவிட்டு இரண்டாம் ஆண்டு கைவிட்ட வாய்க்கால்கள் பழையபடி குட்டையாகிவிடுகின்றன. தொடங்கும்போதே தூர்வாரும் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள்.

புது வாய்க்காலில் மீனும் நண்டும் வரும். வந்ததும் வாயில் மண்ணோ வலையோ கட்டி மறித்துப் பிடிக்கத் தோன்றும். மறித்தால் ஓதம் நின்றுவிடும். பிடிக்கவே கூடாது என்று தடை போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் வேண்டியதில்லை. மறிக்காமல் பிடிக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள். வாய்க்காலில் பிடிக்கிறவர்களே தூர்வாரவும் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஆடுமாடுகளுக்கு வெண்கண்டல் இலை பிடித்தமான தீனி. வேலி போட்டால் அதில் குப்பை சேர்ந்து நீரோட்டத்தைத் தடுக்கும், புயலில் செடிகள் மேலேயே சாயும். மேய்ப்பவர்களிடம் பேசி இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு மாற்று மேய்ச்சலிடம் ஏற்பாடு செய்வது மெதுவான வழி, ஆனால் அதுதான் நிற்கிறது.

கணக்கெடுப்பை எளிதாக வையுங்கள். நான்கைந்து இடத்தில் குச்சி நட்டு, அதே இடத்திலிருந்து அதே திசையில் ஆறு மாதத்துக்கு ஒரு படம். பக்கத்தில் குறிப்பிட்ட ஒரு துண்டு நிலத்தில் உயிரோடு இருக்கும் செடிகள், மண் நீரின் உப்பு. "இத்தனை ஆயிரம் நட்டோம்" என்பது கணக்கே இல்லை.

12. நடுவதை எப்போது நிறுத்துவது

கணக்கெடுக்கும் துண்டு நிலத்தில் நீங்கள் நடாத கன்றுகளைத் தனியாக எண்ணுங்கள். ஓதத்தில் மிதந்து வந்து வரிசை தப்பி, தாறுமாறாக நிற்பவை அவை. நட்டவை சரிவில் மட்டும் இருக்க, இவை வாய்க்கால்களுக்கு இடைப்பட்ட தரையிலும் தலைகாட்டினால் அந்தத் தரை சரியாகிவிட்டது என்று பொருள். இடைவெளி நிரப்பும் நடவை அப்போதே நிறுத்திவிட்டு, நாற்றுக்கு வைத்திருந்த மிச்சப் பணத்தைத் தூர்வாரும் கணக்குக்கு மாற்றுங்கள். மூன்றாம் ஆண்டிலும் அப்படி ஒன்றுகூட வரவில்லை என்றால் மேலும் நடாதீர்கள். டியூப் லெவலை எடுத்துக்கொண்டு மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.